தவிடு கேட்டு வந்தவர்

பெயர் விஷயத்தில் மாவளவனுக்கு நான்கு அநியாயங்கள் நடந்தன. அவற்றை அவர் வரிசை மாறாமல் மனதில் வைத்திருந்தார்.

முதலாவது, அப்பாவுக்கு நடந்தது. அப்பா பெயர் பெருமாள். பண்ணை வீட்டுப் பெரியவருக்கும் அதே பெயர். ஒரே களத்தில் இரண்டு பெருமாள் நிற்கக் கூடாது என்று அப்பாவை ‘மொட்டை’ ஆக்கினார்கள். சாகும்வரை அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

இரண்டாவது, பள்ளிக்கூடத்தில். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் பாவாடை. குலசாமியின் பெயர். வாத்தியார் அந்தப் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை, வந்திருக்கிறானா என்று பார்க்க. இரண்டாவது முறை, வகுப்பு சிரிக்க.

மூன்றாவது, காவல் நிலையத்தில். கூலி உயர்வு கேட்டு மறியல் செய்தவர்களைப் பிடித்துப் போனார்கள். பெயர் கேட்டதற்கு, இயக்கத்தில் சேர்ந்தபோது தானே வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னார். மாவளவன். அறை விழுந்தது. “உங்கப்பன் வச்ச பேரைச் சொல்லுடா.” மறுபடியும் மாவளவன் என்றார். மறுபடியும் விழுந்தது. உதடு கிழிந்த பிறகு பாவாடை என்றார். எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.

இந்த மூன்றையும் அவர் மேடைதோறும் சொல்லியிருக்கிறார். கைதட்டலும் வாங்கியிருக்கிறார்.

நான்காவது புதிது. அதைச் செய்தது அவர் மனைவி. அதை மேடையில் சொல்ல முடியாது. அதனால் நாகரத்தினத்தைத் தேடிப் போனார்.

ஏரி மதகுக்குப் பக்கத்தில் யாரும் புழங்காமல் விட்ட ஒரு கொட்டகையில் நாகரத்தினம் இருந்தார். சாமி படம் கிடையாது, விளக்கு கிடையாது. மாவளவனைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஊர் அவரைச் சாமியாரம்மா என்றது. அவர் அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மாவளவன் முதலில் அங்கே போனது சண்டைக்கு. ஒரு கட்டுத் துண்டறிக்கையோடு போய், கடவுள் இல்லை என்று உச்சிப்பொழுதுவரை நிரூபித்தார். நாகரத்தினம் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஜெயிச்சிட்டீங்க தோழர். இதை யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறீங்க?” என்றார். திரும்பும் வழியெல்லாம் மாவளவன் யோசித்துப் பார்த்தார். சொல்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போனார். பிறகு வாராவாரம் போனார். கறுப்புச் சட்டையை மட்டும் கழற்றவில்லை. குரு என்ற சொல் அவர் வாயில் வராது. வீட்டில் “பேசிட்டு வரேன்” என்பார். “உங்க அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க” என்று மனைவி சிரிப்பார்.

அன்று நாகரத்தினம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்க தோழர். வீட்டம்மா காரியம் முடிஞ்சுதா?”

“காரியம் எங்களுக்குக் கிடையாது. படத்திறப்புதான். ஞாயித்துக்கிழமை.”

“உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை.

“என் மனைவி பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியும்.”

“சுடர்க்கொடி.”

“அது நான் வச்சது. எங்க கல்யாண மேடையில வச்சேன். அவ வீட்டுல வச்ச பேரு தவிட்டம்மா.” அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் வாய் கோணிற்று. “தவிடு! மாட்டுக்குப் போடற தீனி. ஒரு மனுஷிக்கு அதையா பேரா வைப்பாங்க? அன்னைக்கே ஒலிபெருக்கியில சொன்னேன், இன்னையிலேர்ந்து இந்தப் பெண் யாருக்கும் தவிடு இல்லை, சுடர்க்கொடின்னு. சனம் ஆர்ப்பரிச்சுது.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவ என்ன சொல்லுவா? தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வெட்கம்.”

நாகரத்தினம் ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

“ஆஸ்பத்திரியில கடைசி நாள்,” என்றார் மாவளவன். “சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. சுடர்க்கொடின்னு கூப்பிட்டேன். திரும்பல. காதுகிட்டப் போய்க் கூப்பிட்டேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு, அம்மா. திரும்பல. நினைவு தப்பிடுச்சுன்னு நினைச்சேன். அப்ப அவ அக்கா பூங்காவனம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்துச்சு. வாசப்படியிலேயே நின்னு, மெதுவா, ‘தவிடு’ன்னுச்சு.”

“ம்.”

“திரும்பிட்டா.”

ஏரியில் நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“நாப்பது வருஷத்துக்கு மேல நான் கூப்பிட்ட பேருக்குத் திரும்பாதவ, அந்த அடிமைப் பேருக்குத் திரும்பினா. சாயங்காலம் போயிட்டா. ஞாயித்துக்கிழமை படத்தைத் திறந்து அவ பேரை நான் சொல்லணும். ஊரே நிக்கும். எந்தப் பேரைச் சொல்லுவேன்? சுடர்க்கொடின்னா யாரு? அப்படி ஒருத்தி என் வீட்டுல இருந்தாளா, இல்ல நான்தான் காத்துல கூப்பிட்டுக்கிட்டிருந்தேனா?”

“தவிட்டம்மான்னு ஏன் வச்சாங்கன்னு தெரியுமா தோழர்?”

“தெரியாம என்ன? பூங்காவனத்துக்கு அப்புறம் பிறந்ததெல்லாம் செத்துப் போச்சாம். அதனால இவளைக் குப்பையில போட்டு, வேறொருத்தி எடுத்து, அவகிட்டத் தவிட்டைக் குடுத்து வாங்கினாங்களாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளைதானே, மதிப்பில்லாததுன்னு எமன் விட்டுட்டுப் போயிடுவானாம். எமனுக்கு அவ்வளவு புத்தி மட்டுன்னா அவன் எப்படித் தொழில் பண்றான்? இதையெல்லாம் கிழிச்சுத் துண்டறிக்கையே போட்டிருக்கேன்.”

“படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க.” நாகரத்தினம் முறத்தைத் தள்ளி வைத்தார். “எனக்கு ஒரு கை தவிடு வேணும்.”

“தவிடா? ரைஸ்மில்லுல மூட்டையா அள்ளிட்டு வரலாமே.”

“மில்லுல வேணாம். பூங்காவனத்து வீட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க. எதுக்குன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க.”

“எதுக்கு?”

நாகரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை.

பூங்காவனத்தின் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். மாவளவன் கரைமேல் நடந்தார். கோபமாகத்தான் நடந்தார். இயக்கம் வளர்த்த கால்கள், ஒரு கை தவிட்டுக்காக நடக்கின்றனவே என்று இருந்தது.

பூங்காவனம் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். தங்கை புருஷனைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்து எழுந்தார்.

“வாங்க தம்பி. பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சா? சாப்பிடறீங்களா?”

“சாப்பாடு வேணாம்கா.” தோள் துண்டை எடுத்து அதன் முனையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். “ஒரு கை தவிடு வேணும்.”

பூங்காவனத்தின் முகம் வெளுத்துப்போனது.

“யாருக்கு?”

அவர் பேசவில்லை.

“யாருக்கு தம்பி? பரிதி பிள்ளைக்கா? ஐயோ, பிள்ளைக்கு என்னா ஆச்சி? நேத்துகூட போன்ல சிரிச்சிதே!”

பரிதி மாவளவனுடைய ஒரே மகன். ஓசூரில் வேலை பார்க்கிறான். பேரனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. கிழவி தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்குவதை மாவளவனால் பார்க்க முடியவில்லை.

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லைக்கா. நல்லா இருக்கான்.”

“அப்போ எதுக்கு என் வாசல்ல வந்து தவிடு கேக்கறீங்க? அதுவும் துண்டை விரிச்சிக்கிட்டு?” அவர் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். மெல்ல அப்படியே உட்கார்ந்தார். “சொல்லிட்டாளா? போறப்ப உங்ககிட்டச் சொல்லிட்டாளா?”

அவர் பேசவில்லை. இந்த முறை சொல்வதற்கு ஒன்றும் தெரியாததால் பேசவில்லை.

“கோவப்படாதீங்க தம்பி. அவமேல தப்பில்ல. முழுமதி போன பிறகு அவ அவளா இல்ல.”

முழுமதி அவர்களுடைய முதல் குழந்தை. நடக்கப் பழகி, ஓடப் பழகி, ஒரு வைகாசியில் வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டது. அந்தப் பெயரை அவர் வீட்டில் கேட்டுப் பல வருஷம் ஆகிறது.

“பொதைச்சிட்டு வந்த அன்னிக்கி அவ அழுவல,” என்றார் பூங்காவனம். “‘நிலாவோட பேரை வச்சி வானத்துல தொங்க வுட்டாரு அக்கா, எவன் கண்ணுக்குத்தான் படாது’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் பரிதி பொறந்தான். நீங்க மாநாட்டுக்குப் போயிருந்தீங்க.”

“ஆமா. தந்தி வந்துச்சு. பரிதின்னு பேர் வைக்கச் சொல்லி அங்கேருந்தே எழுதினேன்.”

“சூரியன்னு அர்த்தமாமே. படிச்சிக் காட்டினா. நிலா பத்தலன்னு இப்ப சூரியனான்னேன். அவ பிள்ளைய மொறத்துல வச்சிக் கொல்லையில குப்பைமேட்டுல போட்டா. நான் போயித் தூக்கினேன். ‘யாரு பிள்ள?’ன்னு கேட்டா. ‘என் பிள்ள’ன்னேன். ‘குடுப்பியா?’ன்னா. ஒரு கை தவிட்ட நீட்டினா. மடியில வாங்கிக்கிட்டுப் பிள்ளயக் குடுத்தேன். அப்பவும் அவ அழுவல. எனக்குத்தான் தாங்கல.”

“அவனுக்கு நான் பரிதின்னுதானே…”

“நீங்க வூட்டுல இருந்தா பரிதி. நீங்க தெருமுனை தாண்டினா தவிட்டுப் பையன். பள்ளிக்கூடம் போற வரைக்கும் அப்படித்தான்.”

“நான் கூப்பிட்டா திரும்புவானே!”

“உங்களுக்காகத் திரும்புவான் தம்பி. அப்பா ஆச்சே.”

மாவளவன் துண்டை இன்னும் விரித்தபடியே நின்றிருந்தார். கை வலித்தது. மடக்கத் தோன்றவில்லை.

“அவ? அவளுக்கு மட்டும் ஏன் நான் குடுத்த பேரை வச்சிக்கிட்டா? நான் இல்லாதப்ப நீங்க அவளை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“தவிடுன்னு கூப்பிட்டா அவளுக்குக் கோவம் வரும்.”

“கோவமா?” அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. “அவளுக்கும் அந்தப் பேர் பிடிக்கலதானே?”

பூங்காவனம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நானும் கேட்டேன். ‘அவரு இல்லாதப்பவாவது உன் பேர்ல இருடி’ன்னேன். மாட்டேன்னுட்டா. ‘வூட்டுல ஒரு பேராவது வெளிச்சமா இருக்கட்டும் அக்கா. வர்றவன் அந்த வெளிச்சத்தைப் பாத்து என்கிட்ட வரட்டும். பிள்ள இருட்டுல பத்தரமா கெடக்கட்டும்’னா.”

மாவளவன் உட்கார்ந்துவிட்டார். வெறும் தரையில் உட்கார்ந்தார்.

“நீங்க தெருவுல நின்னு சத்தமா கூப்பிடுவீங்க. சுடரு சுடருன்னு.” பூங்காவனம் ‘கொடி’யை விழுங்கிவிட்டார். அந்தப் பாதிப் பெயரைச் சொன்னதற்கே வாயைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒவ்வொரு தடவையும் பக்குங்கும். அவ சிரிச்சிக்கிட்டே ஓடுவா. முழுசா ஒரு நாளும் அந்தப் பேர நான் சொன்னதில்ல தம்பி. பண்ணைக்குப் பயந்து சொல்லலன்னு நீங்க என்னைத் திட்டுவீங்க. எனக்குப் பண்ணையா பயம்? கூடப் பொறந்தவளக் காட்டிக் குடுக்கவா நான்?”

“கடைசி நாள் நான் கூப்பிட்டேனே அக்கா. திரும்பலியே.”

“அவன்தான் வந்துட்டானே. இனி அந்தப் பேருக்கு என்னா வேல? பாவம், அலுத்துப் போயிருப்பா. அதான் நான் அவ பேரச் சொன்னேன்.”

இது மூடநம்பிக்கை என்று மாவளவனுக்கு வாய்வரை வந்தது. பேருக்கும் பேதிக்கும் சம்பந்தம் கிடையாது, தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அத்தனையும் உண்மை. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பூங்காவனம் உள்ளே போய் ஒரு கை தவிட்டை அள்ளி வந்தார். “எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. ஆனா இதக் கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாது,” என்று துண்டு முனையில் போட்டு முடிந்து கொடுத்தார்.

கரைமேல் ஒரு மாட்டுக்காரர் எதிரே வந்தார். முடிச்சிலிருந்து உதிர்வதைப் பார்த்து, “என்னா தோழரே, தவிடா? மாடு புடிச்சிருக்கீங்களா?” என்றார்.

மதகடியில் இமயவன் சைக்கிளை நிறுத்தினார். இயக்கத்தின் ஒன்றியச் செயலாளர். படத்திறப்பு ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. “என்ன தோழர், துண்டுல முடிச்சு? சாமியாரம்மா பிரசாதம் குடுத்து அனுப்புதா?” என்று கண்ணடித்தார். மாவளவன் பதில் சொல்லாததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “பேனர் அடிச்சாச்சு. படத்துக்குக் கீழே பேரும் எழுதியாச்சு. நீங்கதான் திறந்து வச்சு வீரவணக்கம் சொல்றீங்க.”

“பேரை மாத்தணும்னா மாத்தலாமா?”

“எந்தப் பேரை?”

“சொல்றேன்.”

கொட்டகையில் கீரை வெந்துகொண்டிருந்தது. மாவளவன் முடிச்சை நாகரத்தினத்தின் முன்னால் வைத்தார். நடந்ததைச் சொன்னார். மேடையில் பேசுகிறவருக்கு அன்று வாக்கியங்கள் உடைந்து உடைந்து வந்தன.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது. உங்க ஊர்ப் பக்கம் தவிடு கேட்டா யாராவது எதையாவது சொல்லுவாங்கன்னு மட்டும் தெரியும்.”

“நான் குடுத்தது விடுதலை, அம்மா.”

“வாங்கிக்கிட்டாங்களே.”

“விடுதலையாவா வாங்கிக்கிட்டா? தூண்டில் புழுவா இல்ல வாங்கிக்கிட்டா! எமன்! எமன் எங்க இருக்கான்? அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பேரை மாத்தினா சாவு ஏமாந்து போயிடுமா?”

“போகாது.”

“அப்புறம்?”

“பேரை மாத்தினா பண்ணைக்காரர் ஏமாந்து போயிடுவாரா தோழர்?”

கிழிந்து ஒட்டிய உதட்டை மாவளவனின் நாக்கு தானாகத் தேடிற்று.

“நான் தப்புப் பண்ணிட்டேன்,” என்றார். “ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லிடறேன். அவளுக்கு அவ பேரையே திருப்பிக் குடுத்துடறேன். சுடர்க்கொடின்னு எழுதினதை அழிச்சிட்டு, தவிட்டம்மாள்னு எழுதச் சொல்றேன். நானே ஒலிபெருக்கியில அறிவிக்கறேன்.”

நாகரத்தினம் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தார்.

“மறுபடியும் நீங்களே பேர் வைக்கப் போறீங்களா?”

“அப்போ அவ பேர்தான் என்ன?”

“எனக்கு எப்படித் தெரியும்? எமனுக்கும் பண்ணைக்காரருக்கும் நடுவுல நின்னு நான் யாரையும் கூப்பிட்டதில்லையே. அவங்களைக் கூப்பிட்டவங்களைக் கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. முன் வரிசையில் தோழர்கள். பக்கவாட்டில் பூங்காவனத்து ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பரிதி மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றான். படத்தைக் கறுப்புத் துணி மூடியிருந்தது.

இமயவன் ஒலிபெருக்கியில் மாவளவனை அழைத்தார். மாவளவன் எழுந்தார். மேடைக்குப் போகாமல், பெண்கள் இருந்த பக்கம் போய் நின்றார்.

“அக்கா, நீங்க வந்து திறங்க.”

“நானா? அய்ய, நான் எதுக்கு? ஆம்பளைங்கல்லாம் இருக்காங்க.”

“வாங்கக்கா.”

“தோழர், நிகழ்ச்சி நிரல்ல நீங்கதான்…” என்று இமயவன் முணுமுணுத்தார். மாவளவன் திரும்பிப் பார்க்கவில்லை. பூங்காவனத்தின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். பூங்காவனம் துணியை இழுத்தார். படத்தில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் பெயர். பூங்காவனம் அதைப் பார்த்தார். தங்கை தெருவில் நடத்திய முதியோர் வகுப்பில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடிவாதமாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பழகியவர் அவர். ஆனால் இந்த எழுத்துகளை ஒருநாளும் கூட்டியதில்லை.

மாவளவன் ஒலிபெருக்கியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“என்னான்னு சொல்லட்டும் தம்பி?”

“நான் சொல்ல மாட்டேன்கா. உங்களுக்கு எது வருதோ, அது.”

பூங்காவனம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்தலில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. அவர் திரும்பி, பரிதியின் தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். விரலை நீட்டி முதல் எழுத்தின்மேல் வைத்தார்.

“சு…”

அவர் ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ட… ர்…”

விரல் நகர்ந்தது. கடைசி எழுத்துவரை போய் நின்றது. பூங்காவனம் மூச்சை இழுத்துக்கொண்டு, பந்தலைப் பார்த்துத் திரும்பி, முழுதாகச் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

“சுடர்க்கொடி.”